உலோகத்தின் பிடி

1971-இல் ‘எலக்ட்ரோகிமிகா ஆக்டா’ என்னும் சர்வதேச ஆய்விதழில் காரைக்குடியிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் கே.எஸ்.உடுப்பா, ஜி.எஸ்.சுப்பிரமணியன், எச்.வி.கே.உடுப்பா. ஊரார் ‘சிக்ரி’ என்று சுருக்கி அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். கரியமில வாயுவை மின்சாரத்தால் ஃபார்மிக் அமிலமாக மாற்றுவது எப்படி என்பதுதான் கட்டுரை. புவி வெப்பமாதல் டீக்கடைப் பேச்சாக மாறியிராத காலம் அது. கரியமில வாயுவைப் பெரும்பாலோர் எதிரியாகப் பார்க்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் ஒரு வாயுவிலிருந்து விலைபோகும் ஒரு சரக்கைச் செய்ய முடியுமா என்றுதான் அவர்கள் பார்த்தார்கள்.

அந்தச் சரக்கு நமக்கு அந்நியமானதல்ல. பல வகை எறும்புகள் கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த எரிச்சலுக்குப் பின்னால் இருப்பது ஃபார்மிக் அமிலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க இதைத்தான் ஊற்றுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலிலும் இதற்கு வேலை உண்டு. இன்றும் உலகில் பெரும்பகுதி ஃபார்மிக் அமிலம் கார்பன் மோனாக்சைடையும் மெத்தனாலையும் சேர்த்து, அழுத்தமும் வெப்பமும் கொடுத்துத்தான் தயாராகிறது. அந்த இரண்டு பொருளும் நிலக்கரியிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வருபவை.

காரைக்குடிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். செம்பின் மேல் பாதரசம் பூசி, அதை எதிர்மின்வாயாக வைத்து, கரைசலுக்குள் சுழல விட்டார்கள். ஏன் பாதரசம், ஏன் சுழற்சி என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால், இன்று பல்லாயிரம் பேர் உலகெங்கும் செய்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியின் அடிப்படை புரிந்துவிடும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். மேற்கே போனால் நெய்வேலி. தெற்கே சிதம்பரம் சாலையில் பழைய டவுனைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டை. பழுப்பு நிலக்கரியும் ரசாயன ஆலையும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. நெய்வேலியில் 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1961-இல் நிலக்கரி வெளியே வந்து, 1962-இல் மின்சாரம் பிறந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் எரிந்த விளக்குகளுக்கு எங்கள் மாவட்டத்து மண்ணுக்கு அடியிலிருந்த கரி காசு கொடுத்திருக்கிறது. அந்தக் கரி எங்கே போனது? புகைபோக்கி வழியாகக் காற்றுக்குப் போனது. 12 கிராம் கரி எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. கரி எடையில் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொண்டு கிட்டத்தட்ட நான்கு மடங்கு எடையாகி வெளியேறும்.

அதைத் திருப்பி ஒரு பொருளாக்க முடியுமா என்ற ஆசை பழையது. ராயர் என்ற பிரெஞ்சுக்காரர் 1870-லேயே துத்தநாகத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி, கரியமில வாயுவிலிருந்து ஃபார்மிக் அமிலம் கிடைத்ததாக எழுதினார். அதற்குப் பிறகு நூறு வருடம் அங்கொருவர் இங்கொருவராகத்தான் இதைத் தொட்டார்கள். காரணம், இந்த மூலக்கூறு லேசில் மசியாது.

கரியமில வாயுவின் வடிவம் மிக எளிது. நடுவில் ஒரு கரி அணு, இரண்டு பக்கமும் ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்கோட்டில். இரண்டு பிணைப்பும் இரட்டைப் பிணைப்பு, இரண்டும் பலமானவை. எரிந்து முடிந்த பொருள் என்பதால் இதற்கு மேல் எரிய அதில் ஒன்றும் இல்லை. அதனுள் ஓர் எலக்ட்ரானைத் திணித்தால் நேர்கோடு வளைந்தாக வேண்டும். அந்த வளைவுக்குத்தான் பெரிய விலை. வெறும் மூலக்கூறுக்கு முதல் எலக்ட்ரானைக் கொடுக்க ஹைட்ரஜன் அளவுகோலில் மைனஸ் 1.9 வோல்ட் வரை இறங்க வேண்டும். ஆனால் கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாக மாறும் முழு வேலைக்கும் தேவையான குறைந்தபட்சம் மைனஸ் 0.1 வோல்ட்தான். போய்ச் சேரும் ஊர் பக்கத்தில்தான், நடுவில் நிற்கும் மலைதான் உயரம்.

அந்த மலையைத் தணிப்பது உலோகம். உலோகப் பரப்பில் வந்து உட்காரும் மூலக்கூறை உலோக அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. தனியாக நின்றால் வளைய மறுக்கும் மூலக்கூறு, பிடிமானம் கிடைத்ததும் வளைகிறது. எலக்ட்ரானும் தண்ணீரிலிருந்து புரோட்டானும் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. இரண்டு எலக்ட்ரான் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு அல்லது ஃபார்மிக் அமிலம். ஆறு சேர்ந்தால் மெத்தனால், எட்டு சேர்ந்தால் மீத்தேன். இரண்டு மூலக்கூறு கைகோத்துப் பன்னிரண்டு எலக்ட்ரான் வாங்கினால் எத்திலீன். வேலை முடிந்ததும் பொருள் கழன்று போகிறது. உலோகம் அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடுகிறது. தான் செலவாகாமல் வேலையை முடித்துக் கொடுப்பதால் அதற்கு வினையூக்கி என்று பெயர்.

பிடி இறுக்கமாக இருந்தால் பொருள் கழலாது. தளர்வாக இருந்தால் மூலக்கூறு உட்காரவே உட்காராது. இரண்டுக்கும் நடுவே சரியான ஓர் அளவு இருக்க வேண்டும். 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியேயின் பெயரால் இந்தக் கருத்து வழங்குகிறது. சொல்வதற்கு எளிய கருத்து. அந்த அளவு எந்த உலோகத்திடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆராய்ச்சியாளர்களின் ஆயுள் போகிறது.

ஆயுளைக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்து யோஷியோ ஹோரி. 1985-இல் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த காரியத்தைச் செய்ய நவீனக் கருவி பெரிதாக வேண்டியதில்லை. பொறுமை வேண்டும். தண்ணீரில் பைகார்பனேட் உப்பைக் கரைத்து, கரியமில வாயுவைக் குமிழ விட்டு, ஒவ்வோர் உலோகத் தகடாக முக்கி, ஒரே மாதிரி மின்சாரம் செலுத்தி, என்ன வருகிறது என்று அளந்தார்கள். வந்த வாயு எவ்வளவு, கரைசலில் தங்கிய திரவம் எவ்வளவு, செலுத்திய எலக்ட்ரான்களில் எத்தனை விழுக்காடு எந்தப் பொருளுக்குள் போனது என்று பைசா பாக்கியில்லாமல் கணக்குப் பார்த்தார்கள். இந்தத் துறையில் அதற்கு முன் பலர் கோட்டை விட்டது இந்தக் கணக்கில்தான். பிற்பாடு 1994-இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணை இன்றும் ஒவ்வோர் ஆய்வு மாணவரின் மேசையிலும் இருக்கிறது.

அதைப் படிப்பது ஓர் அனுபவம். தங்கம் வைத்தால் எலக்ட்ரான்களில் 87 விழுக்காடு கார்பன் மோனாக்சைடுக்குப் போகிறது. வெள்ளி, துத்தநாகமும் அதே குணம், சுமார் 80 விழுக்காடு. ஈயத்தில் 97 விழுக்காடு ஃபார்மிக் அமிலத்தின் உப்பு, பாதரசத்தில் 99-க்கும் மேல். வெள்ளீயமும் இண்டியமும் அதே கூட்டம். இரும்பு, நிக்கல், பிளாட்டினம், டைட்டானியம் ஆகியவற்றில் கரியமில வாயுவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே நடப்பதில்லை. கொடுத்த மின்சாரம் அத்தனையும் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகப் போய்விடுகிறது.

கரைசல் ஒன்று, வாயு ஒன்று, மின்சாரம் ஒன்று. தகட்டை மாற்றினால் பொருள் மாறுகிறது. நான் இதை முதலில் படித்தபோது பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் அந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைக்குடிக்காரர்கள் ஏன் பாதரசம் பூசினார்கள் என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. தண்ணீர் இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் எப்போதும் போட்டிக்கு வரும். கரியமில வாயுவைச் சிரமப்பட்டு வளைப்பதைவிட இரண்டு புரோட்டானைச் சேர்த்து ஹைட்ரஜன் ஆக்குவது எலக்ட்ரானுக்குச் சுலபமான வழி. பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் அணு ஒட்டுவதில்லை என்பதால் அந்த வழி அடைபடுகிறது. ஹோரியின் அட்டவணை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மின்வேதியியலில் ஊறிய கைகளுக்கு இது தெரிந்திருந்தது. பாதரசம் விஷம், இன்று யாரும் அதை வைத்து ஆலை கட்டப் போவதில்லை. அந்த இடத்துக்கு வெள்ளீயமும் பிஸ்மத்தும் வந்திருக்கின்றன. வழி அதேதான்.

தங்கத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. சிதம்பரத்துப் பொற்கூரையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தங்கம் என்றால் எத்தனை காலமானாலும் கறுக்காதது. கறுக்காததற்குக் காரணம், அது காற்றிலுள்ள எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அதே தளர்ந்த பிடிதான் மின்கலத்திலும் வேலை செய்கிறது. கரியமில வாயு வந்து உட்கார்ந்து, ஓர் ஆக்சிஜனை இழந்து, கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மாறிய கணமே தங்கம் கைவிட்டுவிடுகிறது. மேற்கொண்டு எலக்ட்ரான் வாங்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பிளாட்டினம் நேர் எதிர். கார்பன் மோனாக்சைடு அதன் மேல் அப்பிக்கொண்டு இறங்காது. பரப்பு முழுக்க அடைபட்டுப்போய் மிச்சமிருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது செம்பு. ஹோரியின் அட்டவணையில் எதிலும் சேராமல் தனி வரியாக நிற்கிறது. மீத்தேன் 33 விழுக்காடு, எத்திலீன் 25, எத்தனால் 6, ஹைட்ரஜன் 20, இன்னும் பல சில்லறைப் பொருள்கள். செம்பு கார்பன் மோனாக்சைடை விட்டுவிடுவதும் இல்லை, அப்பிக்கொள்வதும் இல்லை. கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் மேலும் எலக்ட்ரான்கள் வந்து சேர்கின்றன. பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இரண்டு கரி கொண்ட பொருளாகின்றன. தனி உலோகங்களில் இதைக் குறிப்பிடத்தக்க அளவில் செய்வது செம்பு ஒன்றுதான். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேந்திரா கூல் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் செம்பிலிருந்து வருவனவற்றை ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். 16 பொருள்கள். ஒரு செம்புத் தகடு, ஒரு வாயு, 16 பொருள்கள்.

வியப்பும் இடைஞ்சலும் இங்கே ஒன்றாக வருகின்றன. பதினாறு பொருள் கலந்து வந்தால் ஆலைக்காரருக்கு என்ன பயன்? பிரித்தெடுப்பதற்கே முதல் கரைந்துவிடும். அவருக்கு எத்திலீன் மட்டும் வேண்டும், அல்லது எத்தனால் மட்டும் வேண்டும். ஆகவே செம்பின் குணத்தைக் கெடுக்காமல் அதை ஒரே பொருளின் பக்கம் திருப்ப வேண்டும். வினையூக்கி வடிவமைப்பு என்று சொல்லப்படும் வேலை இதுதான்.

முதல் வழி, பரப்பை மாற்றுவது. செம்புத் தகட்டின் மேற்பரப்பில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து விளைபொருள் மாறும் என்று ஹோரியே காட்டினார். ஒற்றைப் படிகத்தைச் சதுரக் கட்டம் தெரியும்படி வெட்டினால் எத்திலீன் கூடுகிறது. முக்கோண அடுக்கு தெரியும்படி வெட்டினால் மீத்தேன் கூடுகிறது. உலோகம் அதேதான், வெட்டிய கோணம்தான் வேறு.

இன்னொன்று நம் சமையலறையோடு சம்பந்தப்பட்டது. செம்புக் குடம் நாளடைவில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு செம்பின் ஆக்சைடு. புளி போட்டுத் தேய்த்தால் ஆக்சைடு கரைந்து, அடியிலிருக்கும் செம்பு பளிச்சென்று வெளியே வரும். 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் மேத்யூ கானனும் கிறிஸ்டினா லீயும் செம்பை வேண்டுமென்றே 500 டிகிரி செல்சியஸில் காற்றில் வாட்டிக் கனத்த ஆக்சைடாக்கினார்கள். பிறகு புளிக்குப் பதில் மின்சாரத்தால் அந்த ஆக்சைடைத் திரும்பச் செம்பாக்கினார்கள். குடத்தில் ஆக்சைடு கரைந்தோடிவிடுகிறது, இங்கே ஆக்சைடே செம்பாகிறது. அப்படி மீண்ட செம்பு பழைய செம்பைப் போல நடந்துகொள்ளவில்லை. மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே கரியமில வாயுவை மாற்றத் தொடங்கியது. சின்னச் சின்னத் துகள்களாக நெருக்கி அடைந்து, துகளும் துகளும் சந்திக்கும் இடங்களில் அணுக்கள் ஒழுங்கு தவறி நிற்பதுதான் காரணம் என்றார்கள். மனிதர்கள் குறை என்று சொல்லும் ஒழுங்கின்மை, வேதியியலில் வேலை நடக்கும் இடமாகிவிட்டது.

இரண்டாவது வழி, வேறோர் உலோகத்தைக் கலப்பது. இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. கரியமில வாயு எத்திலீனாகும் வழியில் பல இடைநிலைகள். ஒவ்வோர் இடைநிலையையும் உலோகம் ஒவ்வோர் அளவில் பிடிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் எல்லா இடைநிலைகளும் கரி அணு வழியாகவே உலோகத்தோடு ஒட்டுகின்றன. அதனால் ஒன்றின் பிடியை மாற்றினால் மற்றதன் பிடியும் கூடவே மாறுகிறது. கயிற்றுக் கட்டிலில் ஒரு கயிற்றை இழுத்தால் அடுத்ததும் இறுகுவதுபோல. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் நோர்ஷ்கோவும் அவரோடு பணியாற்றியவர்களும் குவாண்டம் கணக்கீடுகளால் இந்தப் பிணைப்பைத் தெளிவாக்கினார்கள். செம்பில் எந்தப் படி எலக்ட்ரானுக்கு மிகக் கஷ்டமானது என்பதை 2010 வாக்கில் கணினியில் காட்டினார்கள். நல்ல வினையூக்கி என்பது இந்தப் பிணைப்பை எங்காவது அறுத்தாக வேண்டும்.

அதற்குக் கணினி ஒரு துணையாகிவிட்டது. 2020-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செம்பு கலந்த 244 படிகங்களை எடுத்துக்கொண்டன. அவற்றின் பரப்புகளில் மூலக்கூறு உட்காரக்கூடிய இடங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றையும் கணக்கிட யாருக்கும் ஆயுள் போதாது. சில ஆயிரம் இடங்களை மட்டும் கணக்கிட்டு, அந்த விடைகளைக் கற்றுக்கொண்ட நிரல் மற்றவற்றை ஊகித்தது. ஊகம் கைகாட்டியது செம்பும் அலுமினியமும் சேர்ந்த கலவையை. சமையலறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உலோகங்கள். ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது எலக்ட்ரான்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் எத்திலீனுக்குப் போனது.

மூன்றாவது வழிதான் என்னை அதிகம் மலைக்க வைக்கிறது. நிக்கல் தகடு கரியமில வாயுவைக் கண்டுகொள்ளாது, ஹைட்ரஜனை மட்டும் கொடுக்கும் என்று பார்த்தோம். அதே நிக்கலை ஒவ்வோர் அணுவாகப் பிரித்து, ஒன்றையொன்று தொடாமல், நைட்ரஜன் கலந்த கார்பன் தாளில் பதித்தால்? அந்தத் தனித்தனி நிக்கல் அணுக்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு கொடுக்கின்றன. தங்கத்துக்குச் சமமாக, சில சமயம் அதற்கும் மேலாக. ஒரு தனிமம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. தங்கம் வாங்க வழியில்லாத நாடுகளுக்கு இது பெரிய செய்தி.

இனி சுழற்சிக்கு வருவோம். காரைக்குடியில் ஏன் மின்வாயைச் சுழற்றினார்கள்? கரியமில வாயு தண்ணீரில் அதிகம் கரையாது. சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரியில், ஒரு லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம். மின்வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் வாயு தீர்ந்துவிட்டால் அடுத்தது நீரில் மெல்ல ஊர்ந்து வந்துசேர வேண்டும். அதுவரை தண்ணீர்தான் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், ஹைட்ரஜன்தான் வரும். மின்வாயைச் சுழற்றினால் அதை ஒட்டியிருக்கும் அசைவற்ற நீர்ப்படலம் மெலிகிறது, வாயு வேகமாக வந்துசேர்கிறது. சுழலும் மின்வாய் எச்.வி.கே.உடுப்பாவின் கைவந்த கலை. கரிமப் பொருள்களை மின்சாரத்தால் தயாரிக்கும் பல முறைகளில் சிக்ரி அதைப் பயன்படுத்தியது.

இன்றைக்கு அதே சிக்கலுக்கு வேறு விடை. மின்வாயைத் துளைகள் கொண்ட கார்பன் தாளாகச் செய்கிறார்கள். ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் கரைசல். நடுவில் தாளின் மேல் வினையூக்கித் தூள். வாயு நீரில் கரைந்து நீந்தி வர வேண்டியதில்லை, பின்பக்கமாகவே வந்து உலோகத்தைத் தொடுகிறது. நீரில் மூழ்கிய தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லி ஆம்பியர்தான் எட்ட முடியும். இந்தத் தாளில் சில நூறு எட்டுகிறது. செம்பு–அலுமினியக் கலவையும் 400 மில்லி ஆம்பியரில்தான் அந்த 80 விழுக்காட்டைக் கொடுத்தது.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வினை நடக்கும்போது மின்வாய்க்குப் பக்கத்தில் கரைசல் காரமாகிறது. காரத்தைக் கண்டால் கரியமில வாயு எலக்ட்ரானுக்குக் காத்திராமல் கார்பனேட்டாக மாறிவிடும். நடுநிலைக் கரைசலிலும் காரக் கரைசலிலும் எத்திலீன் செய்யப் போனால், அனுப்பிய வாயுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பொருளாக்க முடியாது. மீதி உப்பாகிவிடும். அந்த உப்பே கார்பன் தாளின் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அமிலக் கரைசலுக்குப் போனால் இந்த நஷ்டம் குறையும், ஹைட்ரஜனின் போட்டி கூடும். இன்றைய ஆராய்ச்சியின் கடினமான பகுதி இங்கேதான். கரைசலில் துளியூண்டு இரும்போ துத்தநாகமோ கலந்திருந்தாலும் அது செம்பின் மேல் போய்ப் படிந்து சில நிமிடங்களில் அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதையும் ஹோரிதான் எடுத்துக் காட்டினார். ஆய்வகத்தில் கரைசலை முன்கூட்டியே மின்னாற்பகுத்துச் சுத்தம் செய்வார்கள். புகைபோக்கியிலிருந்து நேராக வரும் வாயுவில் கந்தகமும் தூசியும் கலந்திருக்கும்போது இந்த அளவு சுத்தம் எளிதல்ல.

இப்போது என் மாவட்டத்தின் கணக்கு. எத்திலீன் எங்களுக்குத் தூரத்துப் பொருளல்ல. கடலூர் சிப்காட்டில் பி.வி.சி. தயாரிக்கும் ஆலைக்குக் கப்பலில் வந்து இறங்கும் வினைல் குளோரைடு, எத்திலீனிலிருந்து பிறப்பது. வீட்டுக் குழாயின் மூலம் அது. நெய்வேலியில் கரியமில வாயு இருக்கிறது, கடலூரில் எத்திலீன் வழிப் பொருளுக்குத் தேவை இருக்கிறது. ஒரு குழாயைப் போட்டு இணைத்துவிடலாமே என்று தோன்றும்.

தோன்றுவதோடு நிற்காமல் கணக்குப் போட வேண்டும். ஒரு கிலோ எத்திலீனுக்குச் சுமார் 3.1 கிலோ கரியமில வாயு தேவை. ஒரு மூலக்கூறுக்குப் பன்னிரண்டு எலக்ட்ரான். மின்கலம் 3.5 வோல்ட்டில் ஓடுகிறது, எலக்ட்ரான்களில் 70 விழுக்காடு எத்திலீனுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 57 யூனிட் மின்சாரம். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் செய்ய ஒரு கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியேறும். அதாவது மூன்று கிலோவைப் பிடித்து அடைக்க 57 கிலோவை வெளியே விட வேண்டியிருக்கும். ஃபார்மிக் அமிலத்துக்கு எலக்ட்ரான் இரண்டுதான், அதே 3.5 வோல்ட்டில் 90 விழுக்காடு வந்தாலும் கிலோவுக்கு நாலரை யூனிட் ஆகும். அங்கும் ஒரு கிலோவைப் பிடிக்க நாலரைக் கிலோ வெளியேறும். ஆகவே இதில் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. நிலக்கரி மின்சாரத்தில் இந்த வேலையைச் செய்வது காற்றைக் கூடுதலாகக் கெடுக்கும் வேலை. புகைபோக்கியின் பக்கத்திலேயே ஒரு மின்கலத்தை வைத்து, அதே நிலையத்து மின்சாரத்தில் ஓட்டி, பசுமை என்று பலகை மாட்ட எவராவது முன்வந்தால் நாம் இந்தக் கணக்கை அவரிடம் காட்ட வேண்டும்.

காற்றாலை, சூரிய மின்சாரத்தில் செய்தால் கணக்கு தலைகீழாகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீசும்போது வரும் மின்சாரத்தை முழுவதும் வாங்க ஆளில்லாமல் காற்றாடிகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. அப்படி வீணாகும் மின்சாரத்துக்கு ஒரு வேலை கொடுக்க முடிந்தால் அது நியாயமான முயற்சி. கரியமில வாயுவைப் பிடிப்பதற்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கப் பயன்படுத்தும் ஏற்பாடு 2016-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம். அது மின்சாரம் வழி மாற்றுவதல்ல, வெறும் வேதிச்சேர்க்கை. ஆனாலும் புகையை மூலப்பொருளாக நடத்த நம் மண்ணில் ஆலை ஒன்றால் முடிந்தது என்பதற்கு அது சாட்சி.

உலகில் இது ஆய்வகத்தைத் தாண்டிவிட்டதா என்றால், வாசலில் நிற்கிறது என்று சொல்லலாம். செம்பிலிருந்து 16 பொருள்களை எண்ணிய கேந்திரா கூல், இருவரோடு சேர்ந்து தொடங்கிய ‘ட்வெல்வ்’ நிறுவனம், கரியமில வாயுவிலிருந்து விமான எரிபொருள் செய்யும் ஆலைக்கு வாஷிங்டன் மாநிலத்து மோசஸ் லேக்கில் 2023-இல் அடித்தளம் இட்டது. இந்தியாவில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் செபாஸ்டியன் பீட்டர் தலைமையிலான ‘பிரீத்’ குழு, கரியமில வாயுவை மெத்தனாலாக்கும் முயற்சியோடு கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்று வரை போனது.

காரைக்குடியோ இதையெல்லாம் முந்திக்கொண்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்தது அந்த நிலையம். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பொங்கல் நாளில் திறந்த அந்த ஆய்வகம் செட்டிநாட்டுச் செம்மண் வெளியில், பெருநகரங்களை விட்டு விலகி நின்றபடி உலகத்தரமான மின்வேதியியலைச் செய்தது. 1971-இல் சிக்ரியின் கட்டுரை வந்தபோது ஹோரியின் அட்டவணை இல்லை, கார்பன் தாள் மின்வாய் இல்லை, மூலக்கூறின் பிடியைக் கணக்கிடும் கணினியும் இல்லை. எந்த உலோகம், எப்படிச் சுழற்றுவது என்ற இரண்டையும் அவர்கள் கைப்பழக்கத்தாலும் அளவாலும் கண்டடைந்தார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் மின்வேதியியல் பாடம் இருக்கிறது, அந்த மூவரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கடலூர், சிதம்பரம் பக்கம் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2020-இல் ஃபேஸ்புக் நிறுவனமும் (இன்றைய மெட்டா) கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ‘ஓப்பன் கேட்டலிஸ்ட்’ என்ற பெயரில் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டன. உலோகப் பரப்பில் மூலக்கூறு எப்படி உட்காரும் என்று கணக்கிட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகள் அதில் உள்ளன. காசு கிடையாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விடுதி அறையில் ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் அதில் ஒரு பகுதியை இன்று ராத்திரியே இறக்கிக்கொள்ளலாம். செம்போடு எதைச் சேர்த்தால் எத்திலீன் மட்டும் வரும், உப்பு அடைக்காமல் ஆயிரம் மணி நேரம் தாக்குப்பிடிக்கும் மின்வாயை எப்படிச் செய்வது என்ற கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. இறங்கிப் பாருங்கள்.